எதிர்த்தரப்பு நிபுணர்

ஜனவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நான் நலம், வலது முழங்கால் மட்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை. உன் சளி எப்படி இருக்கிறது? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை, உபதேசம் எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்குத்தானா?

எனக்கு வேலை வந்திருக்கிறது. சிரிக்காதே. போன வாரம் ஒரு இளம் வக்கீல் வீட்டுக்கு வந்தார். ஒரு கிடங்கு முதலாளிக்காக வழக்காடுகிறார். கிடங்கின் பின்பக்கம் மண்ணைத் தாங்கி நின்ற உயரமான சுவர் போன மழையில் சரிந்து, கீழே இருந்த முடிதிருத்தும் கடை மேல் விழுந்துவிட்டது. கடைக்காரர் உள்ளேயே இறந்துபோனார். அவர் மனைவி வழக்குப் போட்டிருக்கிறாள். யாரோ குழாய் பதிக்கச் சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டினார்கள், அதனால்தான் விழுந்தது என்பது முதலாளியின் கட்சி. சுவர் ஏன் விழுந்தது என்று கோர்ட்டுக்கு விளக்க ஒரு நிபுணர் சாட்சி வேண்டுமாம்.

"சார், நீங்க ஆயுசு பூரா சுவர் கட்டினவர். நீங்க சொன்னா ஜட்ஜ் கேட்பார்" என்றார்.

"பார்த்துட்டுத்தான் சொல்லுவேன். உங்களுக்குப் பாதகமா இருந்தாலும் சொல்லுவேன்."

"சட்டமும் அதைத்தான் சார் சொல்லுது" என்று சிரித்தார். கூப்பிட்டது எந்தத் தரப்பாக இருந்தாலும் நிபுணன் கோர்ட்டுக்குத்தான் கட்டுப்பட்டவன். வழக்கு விவரத்தை வெளியே பேசக்கூடாது. நீ வெளியே இல்லை.

உன் அண்ணி போன பிறகு சட்டைக்கு இஸ்திரி போட்டது இதுதான் முதல் தடவை. மகன் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணிப் பேத்தியைக் காட்டுகிறான். அவள் கையை ஆட்டிவிட்டுப் பொம்மையிடம் போய்விடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 26

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். சளி போய்விட்டது. தலைவலி வந்திருக்கிறது. இரண்டும் பேசிவைத்துக்கொண்டு ஷிப்ட் மாறுகின்றன போல. உங்கள் முழங்காலுக்கு நான் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா? படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பிசியோதெரபி பிரிவில் இதை முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னால் கேட்கிறார்கள். சொந்த அண்ணனுக்குத்தான் ஏறவில்லை.

அண்ணி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாங்க தெரியுமா? "என்கூட ஒரு வார்த்தை பேசாம சுவரையே பார்த்துக்கிட்டிருந்த மனுஷன், இப்ப அதையே உத்தியோகமா ஆக்கிக்கிட்டாரு." அவங்க குரலிலேயே எனக்குக் கேட்டது.

நீங்கள் வெளியே போவது நல்லதுதான். நான் சாயங்காலம் பிரிவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டு டிவி தொடரைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டு சாப்பிடுகிறேன். முகம் பார்க்காமலே அதில் எல்லாரையும் தெரியும். யாராவது கேட்டால் முழுக் கதையையும் சொல்வேன்.

எதிர்த்தரப்பிலும் ஒரு நிபுணர் இருப்பாரே, அவர் என்ன சொல்கிறார்? கடிதமாகவே எழுதுங்கள். போனில் "ம்" கொட்டியே முடித்துவிடுகிறீர்கள். வழக்கம்போல ஆஸ்பத்திரி விலாசத்துக்கே போடுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை

பிப்ரவரி 21

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீயும் தலைவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வெயிலில் அலைந்ததில் எனக்கு நல்ல தூக்கம் வருகிறது, இப்போதைக்கு அதுவே பெரிய விஷயம்.

இடத்தைப் போய்ப் பார்த்தேன். சுவரில் பாதிதான் சரிந்திருக்கிறது, மீதி நிற்கிறது. மண்ணில் ஊறும் மழைத்தண்ணீர் வெளியேற இப்படிப்பட்ட சுவரில் வரிசையாக வடிதுளைகள் விட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். மேலே நின்று எட்டிப் பார்த்தேன், துளைகள் இருந்தன. பள்ளமும் அஸ்திவாரத்துக்கு மிக அருகில் இருந்தது. பள்ளம்தான் காரணம் என்று அறிக்கை கொடுத்துவிட்டேன்.

எதிர்த்தரப்பு நிபுணர் தண்ணீர்தான் காரணம் என்கிறார். துளைகள் இருக்கும்போது தண்ணீர் எப்படித் தேங்கும் என்று எனக்குப் புரியவில்லை. அவரும் ஓய்வு பெற்ற பொறியாளர்தான். போன வாய்தாவில் கோர்ட் வராந்தாவில் பார்த்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன், அவரும் சொன்னார். ரொம்ப இளைத்துவிட்டான். வேறு பேச்சு இல்லை.

நிபுணர்கள் இருவரும் வக்கீல்கள் இல்லாமல் உட்கார்ந்து பேசி, எதில் ஒத்துப்போகிறோம், எதில் இல்லை என்று ஒரே அறிக்கையாக எழுதித் தர வேண்டும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டிருக்கிறார்.

முடிதிருத்துபவரின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருகிறாள். எங்கேயோ வேலையில் பாதி நாள் கேட்டுக்கொண்டு ஓடி வருகிறாள் போல, கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறது.

நீ எப்படி இருக்கிறாய் என்று எழுது.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்.

எதிர்த்தரப்பு நிபுணரை "அவர்" என்று ஆரம்பித்தீர்கள். "உட்கார்ந்திருந்தார்" என்று எழுதினீர்கள். அடுத்த வரியில் "இளைத்துவிட்டான்" என்று இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு இன்ஜினீயரை நீங்கள் "அவன்" என்று எழுத மாட்டீர்கள். மகனை விட்டால் நீங்கள் அப்படி எழுதுகிற ஆள் உலகத்தில் ஒருவர்தான்.

அவர்தானே? பெயரை எழுத வேண்டாம். உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. அவர் ஒரு காலத்தில் உங்கள் தங்கையின் புருஷன் என்பது உங்கள் வக்கீலுக்குத் தெரியுமா?

காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

தங்கை

மார்ச் 31

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆமாம், அவன்தான். எழுதினால் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வக்கீலிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளை வைத்துக்கொள்வார், நான் மறுபடி வீட்டில் உட்கார வேண்டியதுதான். அவனை அப்புறம் எங்கே போய்ப் பார்ப்பது?

போன வாரம் இருவரும் சந்தித்தோம். கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிற இடம். ஒரே ஹாஸ்டல் அறையில் படித்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், எதிரெதிரே உட்கார்ந்து சார் போட்டுக்கொண்டிருந்தோம்.

"உங்க ரிப்போர்ட்ல துளை இருக்குன்னு எழுதியிருக்கீங்க சார். அதுக்குள்ள ஏதாவது விட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏன் சார்?"

"முழங்கால் சார். கீழ இறங்க முடியல."

பேப்பரை மூடிவிட்டான். "ஏன்டா, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? எந்திரி, போய்ப் பார்ப்போம்" என்றான். பிறகு ஆட்டோ வரும்வரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

சரிவில் இறங்கும்போது கையைக் கொடுத்தான். பிடித்துக்கொண்டேன். ஒரு கம்பியைத் துளைக்குள் விட்டான். ஒரு சாண் போய் முட்டி நின்றது. அடுத்ததிலும் அப்படியே. கம்பியை வாங்கி நானே எட்டின துளையில் எல்லாம் விட்டுப் பார்த்தேன். சுவரின் முகத்தில் மட்டும் துண்டுக் குழாயைச் செருகிப் பூசிவிட்டிருக்கிறார்கள். ஒன்றுகூட மறுபக்கம் போகவில்லை. பார்க்கிறவர் கண்ணுக்குத்தான் அது துளை. தண்ணீருக்கு வழியே இல்லை.

என் கருத்து தவறு, தண்ணீர்தான் காரணம் என்று கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வக்கீல் இரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டான். "ம்" என்றேன். உன் அண்ணி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ கேட்டாயே, அவன் உடம்பு பரவாயில்லை. இருமல் இருக்கிறது. சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறம். வீட்டில் யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

பதினெட்டு வருடம் நான் அவனோடு பேசாமல் இருந்தது உனக்காகத்தான். அது உனக்குத் தெரியும்.

அன்புடன்,
அண்ணன்

மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கோபத்தில் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கோபம் ஆறட்டும் என்று இத்தனை நாள் எழுதவில்லை, முழுக்க ஆறவும் இல்லை.

எனக்காக என்று எழுதியிருந்தீர்கள். அவர் என்னை அடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அணைக்கட்டிலும் பாலத்திலும் கிடந்தார். நான் தனியாக இருக்கக் கற்றுக்கொண்டேன். ரொம்ப நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டேன். கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு அவர் வீட்டோடு வந்தபோது, விருந்தாளி வந்து தங்கியிருப்பது போல இருந்தது. எப்போது கிளம்புவார் என்று இருந்தது. அதை அவரிடமே சொன்னேன்.  நான் கிளம்பிவிட்டேன்.

நான் அவரைப் பிரிந்தேன் அண்ணா. உங்களைப் பிரியச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை என்னைக் கேட்கவும் இல்லை. அவரை வீட்டுக்கு முதலில் கூட்டி வந்தது நீங்கள், அதனால் அவமானம் உங்களுக்குத்தான் என்பது போல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டீர்கள். நீங்களாவது பேசிக்கொண்டிருந்தால் அவர் எங்கே இருக்கிறார், சாப்பிட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரிந்துகொண்டிருக்கும். யாரிடம் போய்க் கேட்பேன்?

அது கிடக்கட்டும். வக்கீலிடம் இன்னும் சொல்லாமல் இருந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு யாராவது கண்டுபிடித்தால், மச்சானுக்காக மாற்றி எழுதினார் என்று அந்தப் பெண்ணின் வழக்கையே கவிழ்த்துவிடுவார்கள். கடைசி பெஞ்சில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறாளே, அவள் உங்களுக்கு என்ன செய்தாள்?

மருந்து மாத்திரையை விடாதீர்கள்.

தங்கை

ஜூன் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்தேன்.  நீ எழுதியது எல்லாம் சரி.

மறுநாளே வக்கீலிடம் சொல்லிவிட்டேன். "நீங்க கருத்தை மாத்தினதையே இன்னும் ஜீரணிக்கல சார். இது வேறயா?" என்றார். முகம் முதலில் கறுத்தது. பிறகு யோசித்தார், தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வைத்துக் கூட்டறிக்கையையே தூக்கி எறியப் பார்ப்பார். கோர்ட்டுக்கும் எழுத்துமூலம் தெரிவித்தாயிற்று. ஜட்ஜ் எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தே விசாரிக்கப் போகிறாராம்.

அவனும் தன் தரப்பு வக்கீலம்மாவிடம் சொல்லாமல்தான் இருந்திருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவனும் என்னைக் கேட்கவில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்

ஜூலை 12

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மற்றபடி சுகம். உங்களிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேலாகத் தகவல் இல்லை. கடுமையாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. எழுதியதை மாற்றிக்கொள்ளவும் தோன்றவில்லை.

விசாரணை என்ன ஆயிற்று?

இனி கடிதத்தை வீட்டு விலாசத்துக்கே போடுங்கள்.

தங்கை

ஆகஸ்ட் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். உன் மேல் எனக்கு என்ன கோபம்? விசாரணை முடியட்டும் என்று இருந்தேன். இப்போது முடிந்துவிட்டது. வீட்டு விலாசத்துக்கு ஏன் போடச் சொல்கிறாய்? ஆஸ்பத்திரியில் என்ன?

எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஜட்ஜ் சுவரைப் பற்றிக் கேட்டதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு என்னைக் கூட்டி வந்த வக்கீலே எழுந்து என்னைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வாங்கினார்.

"முதல் ரிப்போர்ட்ல பள்ளம்னீங்க. இவரைப் பார்த்ததும் தண்ணீர்னு மாத்திட்டீங்க. நீங்க விட்டுக்கொடுத்தது உண்மைக்கா, மச்சானுக்கா?"

"கம்பி ஒரு சாண்தான் உள்ள போச்சு. யார் விட்டாலும் அவ்வளவுதான் போகும். நீங்களே விட்டுப் பார்க்கலாம்."

"உறவு உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சு."

"இப்ப இல்லைன்னு நாங்க எப்படி நம்பறது?"

நான் எதையும் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை, பாப்பா. வாயில் வந்ததைச் சொன்னேன். "ரெண்டு வருஷம் முன்னாடி என் சம்சாரம் செத்துப்போச்சு. அவ கையால சாப்பிட்டு வளர்ந்தவர் இவர். நான் இவருக்குச் சொல்லி அனுப்பல. இவர் வரல. உறவுன்னா அவ்வளவுதான் சார்."

 வக்கீல் அடுத்த கேள்விக்குப் பேப்பரைப் புரட்டினார். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் மேசை மேல் வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வேண்டுமா என்று ஜட்ஜ் கேட்டார். அவனுக்குக் காதில் விழவில்லை. அப்போதுதான் அவனுக்கு விஷயமே தெரிகிறது. அத்தனை பேருக்கு நடுவில், என் வாயால், ஒரு வாதத்துக்குப் பதிலாக.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். எங்களுக்குப் பேச அந்தச் சுவரை விட்டால் வேறு ஒன்றும் இல்லை என்று அப்போது புரிந்தது. "அடுத்த வாய்தா எப்போ?" என்றான். "இனி இல்ல. தீர்ப்பு மட்டும்தான். அதுக்கு நாம வர வேண்டாம்" என்றேன். தலையாட்டினான். அவன் பஸ் முதலில் வந்தது. அது போன பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன், என் பஸ் ஒன்று போனதைக் கவனிக்கவில்லை.

நீ ஒரு நடை இங்கே வாயேன். அவனையும் வரச் சொல்கிறேன். மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிடலாம்.

அன்புடன்,
அண்ணன்

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீங்கள் கேட்டதற்கு: எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். மே மாதமே. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் ஜூன் கடிதத்தை ஆஸ்பத்திரி வாட்ச்மேன் கொண்டுவந்து கொடுத்தார். சொல்லக்கூடாது என்றில்லை, யாரும் கேட்காமல் நாமாகச் சொல்வது எப்படி என்று தெரியவில்லை. அந்த விஷயத்தில் நான் உங்கள் தங்கைதான். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவருக்குப் பக்கவாதத்தில் கை விழுந்துவிட்டது, காலையில் போய்ப் பயிற்சி கொடுத்துவிட்டு வருகிறேன். பொழுது போகிறது.

கோர்ட்டில் நடந்ததைப் படித்துவிட்டு அன்று பக்கத்து வீட்டு டிவிகூடக் காதில் விழவில்லை. அவருக்கு அண்ணி என்றால் எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும்.

நான் வரவில்லை. கோபம் இல்லை, பயமும் இல்லை. நான் வந்தால் நீங்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுவீர்கள். அவரை மட்டும் கூப்பிடுங்கள். கடிதம் வேண்டாம், நேரில் போய்க் கூப்பிடுங்கள். ஒரு ஆள் சாப்பிட வருகிறது என்றால் நீங்களும் அடுப்பைப் பற்றவைப்பீர்கள்.

அவர் என்னைப் பற்றிக் கேட்டால், சௌக்கியம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாக எதுவும் ஆரம்பிக்க வேண்டாம்.

தங்கை

செப்டம்பர் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் சுகம். நீ அந்தப் பெரியவர் வீட்டுக்கு நடந்தா போகிறாய்? குடை எடுத்துக்கொண்டு போ.

தீர்ப்பு வந்துவிட்டது. கூட்டறிக்கையை ஜட்ஜ் ஏற்றுக்கொண்டார். முதலாளிதான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறார். தேவையில்லாவிட்டாலும் நான் போயிருந்தேன். அந்தப் பெண் தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, என் பக்கத்தில் நின்று, "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா இப்போ?" என்றாள். அவளுக்கு அதுதான் கேட்கத் தோன்றியது. பதிலுக்குக் காத்திருக்காமல் வேலைக்கு ஓடிவிட்டாள்.

அன்று அங்கிருந்தே நேராக அவன் இருக்கும் இடத்துக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. என்னைப் பார்த்ததும் நாற்காலி மேல் இருந்த துணிகளை அவசரமாகக் கட்டிலில் போட்டான். "ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்றேன். "எத்தனை மணிக்கு?" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

வந்தான். உன் அண்ணி படத்துக்கு முன்னால் போய் நின்றான். நான் சமையலறையில் இரண்டு தட்டையும் கழுவி, துடைத்து, எடுத்து வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தான். "அக்கா போனதுக்கு யாரும் சொல்லல" என்றான். "நான்தான் சொல்லல" என்றேன். "நானும் விசாரிக்கல" என்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். குழம்பில் உப்பு அதிகம். ஆனாலும் மறு சோறு போட்டுக்கொண்டான்.

உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஆரம்பிக்கவில்லை. மத்தியானம் முழுக்கப் பழைய வேலைகளைப் பற்றிப் பேசினோம், எந்தப் பாலம் இன்னும் நிற்கிறது, எது போய்விட்டது என்று.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "உன் தங்கச்சிக்கு லெட்டர் போடுவியா?" என்றான்.

"போடுவேன்."

வாசற்படி இறங்கித் திரும்பினான். "நான் வந்துட்டுப் போனேன்னு எழுது."

"வேற?"

"வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்